நம்மைச் சுமக்கும் சாலை
(ஜூபிலி விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இந்த ஜூபிலி நாளில், நம்மை நாள்தோறும் சுமக்கும் சாலையையும் நன்றியோடு நினைப்போம். திருமங்கலத்தில் புறப்பட்டு, டி. கல்லுப்பட்டி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவில் மலையைக் கடந்து, கொல்லம் சென்று சேருகிறது அது. இராஜபாளையத்தில் பிரியும் மாநில நெடுஞ்சாலை, சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி செல்கிறது.

திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த செங்கோட்டை 1956-இல் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறியதே தவிர வண்டிகள் நிற்கவில்லை. தேசிய நெடுஞ்சாலை 208 என்றிருந்த எண், 2010-இல் 744 ஆயிற்று. இராஜபாளையத்து நூலும், சத்திரப்பட்டி மருத்துவத் துணியும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வெளியூர் செல்லச் சாலையே துணை.

ஆனால், பிழைப்பைத் தந்த சாலை உயிரையும் கேட்கிறது. இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும் தொழிலாளி ஒதுங்க இடமின்றித் தவிக்கிறார். கல்லறைத் திருநாளில் நாம் மந்திரிக்கும் கல்லறைகளுள், சாலையில் மாண்ட வாலிபர்களுடையவையும் உண்டு. சாலை அகன்றால் மட்டும் போதாது; நம் மனமும் அகல வேண்டும்.

எனவே, இவ்வாண்டில் ஒரு தீர்மானம் செய்வோம்: தலைக்கவசமின்றி வண்டியில் ஏறமாட்டோம், குடித்துவிட்டு ஓட்டமாட்டோம், ஊருக்குள் வேகம் குறைத்து, நடப்பவருக்கு முதலில் வழிவிடுவோம். காலையில் புறப்பட்ட ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்புவதே நம் ஜூபிலிக் காணிக்கையாகட்டும்.