நால்வகைத் தானமும் நலிந்தோர் வாழ்வும்



நெய்வேலியின் செல்வத்தை உலகறியச் செய்தது ஒரு கிணறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீர் வேண்டித் துளையிட்டபோது, நீரோடு கருநிறப் பொருளும் மேலெழுந்தது. ஆய்வுகள் தொடர்ந்தன. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957இல் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. தமிழகத்தின் இல்லங்கள் பல ஒளி பெற்றன.

ஆயின், அந்நிலக்கரி ஊர்களுக்கும் வயல்களுக்கும் அடியில் கிடந்தது. திறந்தவெளிச் சுரங்கம் மேல்மண் முழுவதையும் அகற்றியே தோண்டப்படுவது. எனவே சுரங்கம் விரிய விரியச் சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. பட்டா உடையார்க்கு நிலத்தின் விலை கிடைத்தது. அந்நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த கூலியாளர்க்கோ, இழந்தது இன்னதெனக் காட்ட ஓர் ஏடும் இல்லை. உழவன்றி வேறு தொழில் அறியாதார் கையில் பெற்ற விலையும் நெடுநாள் தங்குவதில்லை. வறுமை சோம்பலின் பயன் என்பார்க்கு இதுவே விடை. வைகறையில் எழுந்து உழைத்தோரும் வறியராகின்றனர்.

உலகெங்கும் இதே நிலைதான். நிலமின்மை, நோய், கடன், கல்வியின்மை, போர் ஆகியவை ஒன்றையொன்று வளர்க்கின்றன. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த 17 இலக்குகளுள் முதலாவது, 2030க்குள் வறுமையை ஒழிப்பதாகும். அரசுகளின் கடமை பெரிது. எனினும் இல்லறத்தார்க்கும் பங்குண்டு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனச் சமண அறம் வகுத்த நால்வகைத் தானமே அதற்கு வழி.

உணவுக்கு அருகிலேயே சான்று உண்டு. 1867இல் வள்ளலார் வடலூரில் நிறுவிய தருமசாலையில், சாதி சமயம் வினவாமல் இன்றும் அன்னம் அளிக்கப்படுகிறது. மருந்து என்பது மாத்திரை வாங்கித் தருவதோடு முடிவதன்று. கூலியாள் ஒருவர் நோயுற்றால் வருவாய் அன்றே நின்றுவிடும். மருத்துவச் செலவோ கடனாக வளரும். அந்நாள்களில் வீட்டுப் பணியாளர்க்குக் கூலி குறையாமல் தருவதும் மருந்துத் தானமே.

சமணர் உறைவிடமாகிய பள்ளி என்னும் சொல்லே கல்விச்சாலைக்கும் பெயராயிற்று. அம்மரபில் வந்தோர், குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லலாம். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். ஓய்வுபெற்றோர்க்கு இது எளிது.

அடைக்கலம் என்பது அச்சம் நீக்குதல். பேசிய கூலியைப் பேசிய நாளில் தருதல், அவசரத்துக்கு வட்டியின்றிக் கைம்மாற்று அளித்தல், முகம் சுளியாமல் பேசுதல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும்.

இவற்றுக்குப் பொருள் எங்கிருந்து வரும்? மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதமே ஊற்று. தேவைக்கு எல்லை வகுத்த இல்லத்தில்தான் பிறர்க்கு ஈய மிச்சம் இருக்கும். திருவிழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பை ஒரு குடும்பம் ஏற்கலாம்.

நகரிய இல்லம் ஒவ்வொன்றிலும் மாலையில் எரியும் விளக்கு, யாரோ ஒருவர் விட்டுச் சென்ற வயலின் அடியிலிருந்து வந்தது. அவ்விளக்கை ஏற்றும் கை, அவ்வயலுக்குரியாரின் பிள்ளையை மறவாதிருத்தல் வேண்டும்.