கல்லீரல் தேறும் வரை



ஆட்டு ஈரல் நம் எல்லோருக்கும் தெரியும். நம் உடம்பிலும் வலது விலா எலும்புக்கு அடியில் அப்படி ஓர் ஈரல் இருக்கிறது. அதன் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ரத்தத்தில் சேரும் நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவது அதன் வேலை. காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டுமே, அதற்கான பொருள்களைச் செய்வதும் அதுதான்.

2005-ஆம் ஆண்டு நம் ஐதராபாத்தில் பலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. குடிநீரில் சாக்கடை கலந்ததே காரணம். கிருமியின் பெயர் ஹெபடைடிஸ் ஈ. இந்தக் காமாலை பெரும்பாலும் தானாகவே குணமாகும். கீழாநெல்லி தின்றாலும் குணமாகும், தின்னாவிட்டாலும் குணமாகும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

ஆனால் சிலருக்கு, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு, சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழந்துவிடும். நச்சு மூளைக்கு ஏறும். பகலெல்லாம் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழப்பம். காற்று கருப்பு என்று மந்திரிக்கப் போய்விடாதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் செய்கிறார்களே, கல்லீரலுக்கும் அப்படிச் செய்ய முடியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. டயாலிசிஸ் வடிகட்டியில் தண்ணீரில் கரையும் சிறு கழிவுகள் வெளியேறும். கல்லீரல் கழிவுகளில் பல, ரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவை வடிகட்டியில் எளிதில் இறங்கா.

அதனால் வேறு வழி செய்கிறார்கள். ரத்தத்தில் அணுக்கள் போக மீதியுள்ள மஞ்சள் நிற நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். இயந்திரம் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்துவிடும். அணுக்களைத் திருப்பிக் கொடுக்கும். எடுத்ததற்குப் பதிலாக, ரத்த தானம் செய்தவர்களின் பிளாஸ்மா ஏறும். நச்சும் குறைகிறது, ரத்தம் உறையும் பொருளும் கிடைக்கிறது.

இதனால் பலன் உண்டா? ஐரோப்பாவில் 182 நோயாளிகளிடம் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 100-க்கு 48 பேர் பிழைத்தார்கள். இதையும் சேர்த்தபோது 59 பேர். இது அதிசயம் அல்லதான். ஆனால் அந்த 11 பேரில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளை என்றால்?

கஷ்டம் என்னவென்றால், அங்கே தினம் 8 முதல் 12 லிட்டர் வரை, மூன்று நாள் மாற்றினார்கள். ஒருவர் தரும் ரத்தத்தில் கிடைக்கும் பிளாஸ்மா கால் லிட்டருக்குள்தான். ஒரு நாளைக்கே 32 பேருக்கு மேல் வேண்டும். ஏழைக் குடும்பம் எங்கே போகும்? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு தடவைக்கு நோயாளியின் பிளாஸ்மாவில் பாதியளவு மட்டும் மாற்றும் முறையைக் கையாள்கிறார்கள். எலி மருந்து தின்று கல்லீரல் கெட்டவர்களுக்கும் அங்கே இப்படிச் செய்கிறார்கள்.

நம் ஊரிலும் ஒரு முயற்சி நடந்தது. டாக்டர் சி.எம். ஹபீபுல்லா குழுவினர், கருவின் கல்லீரல் செல்களை நோயாளிகளின் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்து, 1994-இல் வெளியிட்டார்கள். அது வழக்கமான சிகிச்சையாக வளரவில்லை. ஆனால் நோக்கம் ஒன்றுதான். கல்லீரல் திரும்ப வளரக்கூடிய உறுப்பு. அது தேறும் வரை ஆளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தேறவே தேறாது என்றால் மாற்றுக் கல்லீரல்தான் வழி.

எலி மருந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பற்பசை போல டியூபில் வரும் மருந்தில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கிறது. இதற்கு முறிமருந்து கிடையாது. தின்றவருக்கு முதல் நாள் வாந்தி வரும். அடுத்த ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கல்லீரல் கெடுகிறது. ஆகவே ஆள் எழுந்து நடமாடினாலும் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள். அந்த டியூபையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் சந்தேகங்களைக் கேளுங்கள்.