காலி டேங்க் காலி அல்ல
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

வெடி செய்கிற வலங்கைமான்காரர்கள் நாம். மருந்து இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கீழ்த்தளத்தில் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுகிறோம்!

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு பரவி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே தீப்பிடிக்கும்.

வாடை வந்தால் பைக் டேங்கின் அடியைத் துடைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துத் தொட்டுப் பாருங்கள். டேங்கில் சேரும் தண்ணீர் அடியில் தங்கித் தகரத்தை அரிப்பதால், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் விழும். ஈரம் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். ஓட்டையில் சோப்புக்கட்டியை அழுத்தித் தேய்த்தால், மெக்கானிக் வரும்வரை தாங்கும். அது வைத்தியம் அல்ல, முதலுதவி.

முக்கியமான விஷயம்: பெட்ரோலை வடித்துவிட்டோமே என்று டேங்கை நேரே வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். வடித்த டேங்கில் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். பொறி பட்டால் வெடிக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிப் பற்றவைக்கத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள். துரு பரவியிருந்தால் டேங்கையே மாற்றிவிடுங்கள்.

கசிவது ஒருவர் வண்டி. மேலே தூங்குவது நாம் எல்லாரும்.