ஏழு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம்

(ஒன்றியக் கூட்டத்தில் ஐடி விங் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். இன்ஜினியரிங் முடிச்சவன். பகல்ல வேலை, ராத்திரி நம்ம பக்கத்துக்கு போஸ்டர் டிசைன் பண்ணிக் கொடுப்பேன். மைக்கைக் கையில கொடுத்துட்டாங்க, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன வருஷம் ஏப்ரல் மாசம் எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மூடப் போறதா ஒரு சேதி வந்தது. மூடுறோம்னு யாரும் சொல்லலை. "பக்கத்து ஊர்ப் பள்ளியோட இணைக்கிறோம்"னு சொன்னாங்க. காரணம், மொத்தப் பிள்ளைகள் ஏழு பேர்.

எமிஸ்ல ஒரு வரி அது. பள்ளியின் பெயர், எண்ணிக்கை 7. பத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் காட்டுன்னு ஃபில்டர் போட்டா எங்க பள்ளிக்கூடம் வந்து நிக்கும். நானும் எக்செல் பார்க்கிறவன்தான், அதனால சொல்றேன். அந்த வரியில எண்ணிக்கை தெரியும். அது எப்படி ஏழு ஆச்சுன்னு தெரியாது.

எப்படி ஆச்சுன்னு கேளுங்க. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது பிள்ளைகள் வரைக்கும் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். எங்க பள்ளியிலும் காகிதத்துல இரண்டு பேர்தான். அதுல ஒருத்தரை மாற்றுப்பணின்னு வேற பள்ளிக்கு அனுப்பிட்டாங்க. மிச்சம் ஒரே ஒரு டீச்சர். அஞ்சு வகுப்பும் அவங்கதான், எமிஸ்ல பதிவு ஏத்துறதும் அவங்கதான், மீட்டிங்குனு கூப்பிட்டா போறதும் அவங்கதான். அவங்க போற அன்னைக்குப் பள்ளிக்கூடமே இல்லை. இதைப் பார்த்த பெத்தவங்க என்ன செய்வாங்க? காலையில ஊருக்குள்ள மெட்ரிக் பள்ளி வேன் வருது. ஏத்தி விட்டுட்டாங்க. அந்தப் பிள்ளைகள்ல சிலருக்கு 25 சதவீத ஒதுக்கீட்டுல அரசாங்கமே கட்டணம் கட்டுது. தனியார் பள்ளிக்குக் கட்ட வழி இருக்கிற இடத்துல, எங்க பள்ளிக்கு இரண்டாவது டீச்சரைத் திருப்பி அனுப்ப மட்டும் வழி இல்லை. அப்புறம் ஆளே வரலைன்னு கணக்குக் காட்டுறாங்க.

இதுல எந்தக் கட்சி ஆட்சின்னு பார்க்காதீங்க. 2019ல் பிள்ளைகளே சேராத 46 அரசுப் பள்ளிகளை நம்ம மாநிலத்துல நூலகமா மாத்தினாங்க. நூலகம் நல்லதுதான், யாரும் வேணாம்னு சொல்லலை. ஆனா பள்ளிக்கூடம் இருந்த இடத்துல எதுக்கு?

உத்தரப் பிரதேசத்துல 2025 ஜூன் 16ஆம் தேதி ஒரு அரசாணை போட்டாங்க. பிள்ளைகள் குறைவா உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோட சேர்க்கிறதுன்னு. சீதாப்பூர் மாவட்டத்துல 51 பிள்ளைகள் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வுக்குப் போனாங்க. ஜூலை 7ஆம் தேதி தனி நீதிபதி தள்ளுபடி செஞ்சார். அதோட விட்டுடலை, மேல்முறையீடு செஞ்சாங்க. ஜூலை 24ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அமர்வு, சீதாப்பூரில் இருக்கிற நிலை அப்படியே தொடரணும்னு சொன்னது. அடுத்த சில நாள்லயே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தா இணைக்க மாட்டோம், ஐம்பது பேருக்கு மேல் படிக்கிற பள்ளியை இணைக்க மாட்டோம்னு அந்த அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த ஒரு கிலோமீட்டரை மனசுல வச்சுக்குங்க. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள பள்ளி இருக்கணும்னு நம்ம மாநில விதியும் சொல்லுது.

எங்க ஊருக்கு வர்றேன். "பக்கத்து ஊர் எவ்வளவு தூரம்"னு கேட்டா, ஆபீஸ்ல மேப்பைப் பார்த்து "ஒன்றரை கிலோமீட்டர்"னாங்க. அது வானத்துல பறக்கிற காக்காய்க்கு. நான் போனை எடுத்துக்கிட்டு இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒண்ணோட நடந்தேன், அவ அம்மாவும் கூட வந்தாங்க. கண்மாய்க் கரையைச் சுத்தி, மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்து, 2.4 கிலோமீட்டர். நாற்பத்தோரு நிமிஷம் ஆச்சு. மெயின் ரோட்டுல மணல் லாரி போகட்டும்னு மட்டும் மூணு தடவை நின்னோம். நூறு நாள் வேலைக்குப் போற அம்மா தினமும் கொண்டுவிட்டுக் கூட்டிவர முடியுமா? முடியலைன்னா முதல்ல நிக்கப் போறது பொம்பளைப் பிள்ளைதான். காலை உணவும் அதோட போச்சு.

போராட்டம்னா எங்க ஊர்ல ரோட்டுல உட்காரலை. ஆறு அம்மாக்கள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில உட்கார்ந்தாங்க. நான் மனு டைப் பண்ணிக் கொடுக்கிறேன்னு போனேன். வீரமா நாலு வார்த்தை பேசினேன். அதுல ஒரு அக்கா நிதானமா கேட்டாங்க: "தம்பி, உங்க அக்கா புள்ளைக எங்க படிக்குது?"

பதில் சொல்ல முடியலைங்க. என் அக்கா பையன் அந்த வேன்லதான் போறான். சின்னதுக்கும் அங்கேயே ஃபார்ம் வாங்கி வச்சிருந்தாங்க.

வீட்டுக்கு வந்து அக்காகிட்ட கேட்டேன். "ஒத்த டீச்சர் அஞ்சு கிளாஸ் எடுக்கிற இடத்துல நீ விடுவியாடா?"ன்னாங்க. அதுவும் நியாயமான கேள்வி. பெத்தவங்களைத் திட்டி அரசுப் பள்ளியைக் காப்பாத்த முடியாது. நம்ம பக்கத்துலயே அப்படிப் பதிவு போட்டிருக்கோம், நானே டிசைன் பண்ணியிருக்கேன். தப்புன்னு இப்போ தோணுது.

மறுநாள் அந்த அம்மாக்கள் மனுவையே மாத்தச் சொன்னாங்க. "பள்ளியை மூடாதே"ன்னு மட்டும் எழுதினா குப்பைக்குப் போகும், இப்படி எழுதுன்னாங்க: மாற்றுப்பணியில் போன ஆசிரியரைத் திருப்பி அனுப்பினால், கீழே உள்ள எட்டுப் பிள்ளைகளை ஜூன் மாதம் இங்கே சேர்க்கிறோம். எட்டுப் பேர், பிறந்த தேதி, பெத்தவங்க கையெழுத்து. எட்டாவது பேர் என் அக்கா மகள். அக்கா இரண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் போட்டாங்க.

அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமா எழுதினோம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெத்தவங்கதான், தலைவரும் ஒரு அம்மாதான். பல ஊர்ல அது தெரியாமலே கையெழுத்து மட்டும் போட்டுக்கிட்டு இருக்காங்க. மே 1 கிராம சபையிலும் தீர்மானம் போட்டு, நகல் வாங்கினோம். நடந்த தூரத்தைப் போன்ல எடுத்த மேப்பையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர்கிட்ட கொடுத்தோம். அனுமதிச்ச பணியிடம் எத்தனை, மாற்றுப்பணியில் யார் எங்கே இருக்காங்கன்னு ஆர்டிஐயும் போட்டோம். "இணைக்கிற ஆணையை எழுத்துல கொடுங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டோம். கடைசி வரைக்கும் அப்படி ஒரு காகிதத்தை யாரும் காட்டலை. வாய்ச் சொல்லை நம்பியே எத்தனை ஊர்ல டிசி வாங்கிட்டுப் போயிருப்பாங்களோ.

ஜூன்ல டீச்சர் திரும்பி வந்தாங்க. எட்டுப் பேர்ல ஆறு பேர் சேர்ந்தாங்க, இரண்டு வீட்டுல மனசு மாறிட்டாங்க. ஏழு பேர்ல அஞ்சாவது முடிச்ச இரண்டு பேர் போக, இப்போ பதினொண்ணு. என் அக்கா மகள் ஒண்ணாவது. பையன் இன்னும் வேன்லதான் போறான், அதையும் மறைக்கலை.

ஜெயிச்சுட்டோம்னு சொல்ல வரலை. அஞ்சாவதுல மூணு பேர் இருக்காங்க. அடுத்த ஜூன்ல அவங்க போயிட்டா எட்டு, எமிஸ்ல திரும்பவும் பத்துக்குக் கீழே. அதனால இப்பவே அங்கன்வாடியில இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு அந்த அம்மாக்கள் போய்ப் பேசிக்கிட்டு இருக்காங்க.

உங்க ஊர்ப் பள்ளியில எத்தனை பேர், எத்தனை டீச்சர்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக்குப் போய்க் கேளுங்க. பத்துப் பக்கம் வந்திருந்தா சேதி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அடுத்த கிராம சபைக்குப் போங்க. தீர்மானத்தை நோட்டுல எழுதுறவரைக்கும் எழுந்திரிக்காதீங்க, நகல் கையில வாங்காம வீட்டுக்குப் போகாதீங்க. மனு டைப் பண்ண ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க, வர்றேன்.