கையெழுத்துக்குப் பிறகே பறக்கலாம்

2025 நவம்பர் 29, சனிக்கிழமை. அன்று பெங்களூரு உட்பட நாட்டின் பல விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தார்கள். மழை இல்லை, மூடுபனியும் இல்லை. ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில் ஒரு கணினியின் மென்பொருளை உடனே மாற்றியாக வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை முந்தின நாள் அவசர ஆணை போட்டிருந்தது. நம் டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதை இந்தியாவிலும் கட்டாயமாக்கியது. ஞாயிறு விடியற்காலை 5 மணி 29 நிமிடம் வரைதான் கெடு. அதற்குள் வேலை முடியாத விமானம் பயணிகளை ஏற்றக் கூடாது.

இதற்கெல்லாம் காரணமான சம்பவம் நடந்தது நமக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில். அக்டோபர் 30 அன்று மெக்சிகோவின் கான்கூனிலிருந்து அமெரிக்காவின் நெவார்க் நகருக்குப் பறந்துகொண்டிருந்த ஜெட்புளூ விமானம், விமானி எதுவும் செய்யாமலேயே திடீரென்று தலை தாழ்ந்து இறங்கியது. பயணிகள் பலருக்குக் காயம். விமானத்தை வேறு ஊரில் இறக்கினார்கள். சூரியனிலிருந்து வரும் கடும் கதிர்வீச்சு, ‘எலாக்’ என்ற கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள தரவைக் கெடுத்துவிடக்கூடும் என்பது ஏர்பஸ் நிறுவனத்தின் முடிவு. உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்கள் இந்த ஆணைக்குள் வந்தன. இந்தியாவில் 338. இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மூன்றுக்கும் அந்த இரவு தூக்கமில்லாத இரவு. பெங்களூரிலும் பொறியாளர்கள் ஒவ்வொரு விமானமாக ஏறி, விமானி அறையில் அமர்ந்து, மென்பொருளின் முந்தைய பதிப்பை ஏற்றினார்கள். ஒரு விமானத்துக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை.

எங்கோ ஒரு விமானத்தில் தலைகாட்டிய கோளாறுக்காக, ஒரு மாதத்துக்குள் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் நிற்கும் விமானத்தில் வேலை நடக்கிறது. இதை நடத்திவைக்கும் கருவிக்குப் பெயர் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ், அதாவது பறப்புத் தகுதி ஆணை. ஹேங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், சுருக்கமாக ‘ஏ.டி.’ என்பார்கள். எந்த மாடல், எந்தப் பாகம், என்ன சோதனை, பழுது தெரிந்தால் என்ன செய்வது, எந்தத் தேதிக்குள் என்று அதில் எழுதியிருக்கும். அதை முடிக்காத விமானம், பார்ப்பதற்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் பறக்கத் தகுதியற்றது.

ஆணை என்பது வேறு, ஆலோசனை என்பது வேறு. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஒரு தகவல் குறிப்பு வெளியிட்டது. சில போயிங் விமானங்களில் எரிபொருள் சுவிட்சு தானாக நகராமல் தடுக்கும் பூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றது அந்தக் குறிப்பு. அது ஆலோசனை மட்டுமே. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேர் இறந்தார்கள். ஜூலையில் வந்த ஆரம்ப அறிக்கை, அந்தக் குறிப்பு கட்டாயமில்லை என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பதிவுசெய்திருக்கிறது. சுவிட்சின் பூட்டுதான் விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதன்பிறகு ஜூலை 21-க்குள் சோதித்துவிட வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. ஆணையிட்டது. ஏர் இந்தியா சோதித்தது, பூட்டுகளில் குறை எதுவும் இல்லை என்று அறிவித்தது. சில நாட்களில் முடிந்த வேலை அது. ஆறரை ஆண்டுகளாக ‘செய்தால் நல்லது’ என்ற நிலையிலேயே அது கிடந்தது என்பதுதான் என் வருத்தம்.

சரி, ஆணையே வந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடுமா? 2025 மார்ச்சில் டி.ஜி.சி.ஏ. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைக் கண்டித்தது. ஒரு ஏ320 விமானத்தின் எஞ்சின் பாகங்களை ஐரோப்பிய ஆணை சொன்ன தேதிக்குள் மாற்றவில்லை; மாற்றியதுபோல் பதிவேட்டில் திருத்தம் செய்யப்பட்டிருந்தது. பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது தேதி தவறிவிட்டது, பிறகு சரிசெய்துவிட்டோம் என்று நிறுவனம் விளக்கியது. தேதி தவறுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பதிவேட்டில் கைவைப்பதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த விமானத்தை அடுத்துத் தொடப்போகும் பொறியாளருக்கு எஞ்சினுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஏட்டில் எழுதியிருப்பதை நம்பித்தான் அவர் அடுத்த வேலையைத் தொடங்குகிறார்.

அதே ஆண்டு நவம்பர் 24, 25 தேதிகளில் ஏர் இந்தியாவின் இன்னொரு ஏ320, பறப்புத் தகுதி மறு ஆய்வுச் சான்று காலாவதியான நிலையில் டெல்லி, பெங்களூரு, மும்பை, ஹைதராபாத் என்று எட்டு முறை பயணிகளோடு பறந்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சான்று அது. நிறுவனமே கண்டுபிடித்துத் தெரிவித்தது, விசாரணையும் நடந்தது. நம் ஊருக்கு வந்துபோன விமானம் என்பதால் சொல்கிறேன்.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் தனி உரிமை உண்டு. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு இங்கே தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரும்பாலும் பழுதுபார்க்கும் பட்டறையாகத்தான் ஓடியது. அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்களும் சரக்கு விமானங்களும் இங்கே வந்து சீராகிப் போயின. போர் முடிந்தபின் நேச நாட்டுப் படைகள் கான்பூரில் பி-24 லிபரேட்டர் விமானங்களை, இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று சிதைத்துப் போட்டுவிட்டுப் போயின. அவற்றைப் பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, நிறுவனத்தின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். இங்கே முழுதாகச் செப்பனிடப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் 1948-லிருந்து இந்திய விமானப்படையில் சேர்ந்தன. இருபது ஆண்டுகள் அவை ஓடின. அந்தப் பட்டறைத் தொழிலாளர்களில் தமிழ் பேசியவர்களும் நிறைய. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அதே நிறுவனம், இப்போதைய பெயரில் எச்.ஏ.எல்., வடிவமைத்து, 1992 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறக்கவிட்ட ஹெலிகாப்டர் துருவ். ராணுவம், விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை நான்கிலும் முன்னூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று தரையிறங்கும் நேரத்தில் விழுந்து தீப்பற்றியது. மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

சுவாஷ்பிளேட் என்று ஒரு பாகம். சுழலும் இறக்கைகளுக்குக் கீழே, அச்சைச் சுற்றி இருப்பது. திருகையில் அடிக்கல் அசையாமல் இருக்க மேற்கல் சுழல்கிறதே, ஏறக்குறைய அந்த அமைப்பு. கீழ்த்தட்டு சுழலாது, மேல்தட்டு இறக்கைகளோடு சேர்ந்து சுழலும், இரண்டுக்கும் நடுவே பேரிங். விமானி கைப்பிடியைச் சாய்த்தால் கீழ்த்தட்டு சாய்கிறது, அதோடு மேல்தட்டும் சாய்கிறது, இறக்கைகள் கோணம் மாறுகின்றன. மேலே போவதும் கீழே வருவதும் பக்கவாட்டில் சாய்வதும் எல்லாம் இந்த ஒரு பாகத்தின் வழியாகத்தான். அதில் முறிவு ஏற்பட்டால் விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் இறக்கைக்குச் செய்தி போகாது. போர்பந்தர் ஹெலிகாப்டரில் முறிந்திருந்தது இந்தப் பாகம்தான்.

உடனே நாட்டின் துருவ் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. உலோகம் ஏன் முறிந்தது என்று ஆராயும் வேலை பெங்களூரிலேயே இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகத்துக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் போனது. அடுத்த மாதமே எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி. துருவைக் கொண்டே சாகசம் காட்டும் சாரங் அணி அங்கே பறக்கவில்லை. உலகமே வந்து பார்க்கும் மேடையில், சொந்த ஊரில், சொந்தத் தயாரிப்பைப் பறக்கவிடாமல் நிறுத்திவைக்க மன உறுதி வேண்டும். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மே மாதத் தொடக்கத்தில்தான் ராணுவம், விமானப்படை ஹெலிகாப்டர்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. கடல் காற்றில் உழைக்கும் கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் அதற்குப் பிறகும் காத்திருந்தன.

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. 2023-இல் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் மட்டும் துருவ் மூன்று விபத்துகளைச் சந்தித்தது: மும்பைக் கடல், கொச்சி, ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார். அப்போதும் நிறுத்தினார்கள், சோதித்தார்கள், கட்டுப்பாட்டுத் தண்டுகளை மாற்றி அனுப்பினார்கள். அந்தச் சோதனை சுவாஷ்பிளேட் வரை எட்டியதா? ஒரு பாகம் கோளாறு காட்டினால் அதை மட்டும் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதோடு சேர்ந்து சுமை தாங்கும் எல்லாப் பாகங்களையும் எடுத்துப் பார்ப்பதுதான் ஆய்வு. போர்பந்தரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பதில் போய்ச்சேர வேண்டும்.

நிறுத்திவைப்பதெல்லாம் நல்லது என்றும் நான் வாதாடவில்லை. 1990 பிப்ரவரி 14 அன்று எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, ஓடுபாதைக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்து 92 பேர் இறந்தார்கள். விமானம் புத்தம் புதியது. அரசு மொத்த ஏ320 விமானங்களையும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தியது. விசாரணையில் தெரிந்ததோ, விமானத்தில் கோளாறு இல்லை, இறங்கும்போது தானியங்கி முறையும் எஞ்சின் வேகமும் கையாளப்பட்ட விதத்தில்தான் பிழை என்பது. பயத்தில் நிறுத்துவது ஆய்வாகாது. என்ன தேடுகிறோம் என்று தெரிந்து தேட வேண்டும்.

அந்தத் தேடல் ஹேங்கரில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே பார்க்க போரோஸ்கோப் என்ற கருவி உண்டு. விரலைவிட மெல்லிய குழாய், நுனியில் விளக்கும் கேமராவும். ஒருவர் எஞ்சினின் சுழலியை மெல்லத் திருப்புவார். இன்னொருவர் திரையில் ஒவ்வொரு பிளேடாக எண்ணிக்கொண்டே பார்ப்பார். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. மயிரிழை விரிசல், விளிம்பில் ஒரு நெளிவு, எரிந்த கறை, இவைதான் தேடும் அடையாளங்கள். வேலை முடிந்ததும் கருவிகளைத் திரும்ப அடுக்குவார்கள். கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே இடம் வரைந்திருக்கும். ஒரு டார்ச் குறைந்தால்கூட அது கிடைக்கும்வரை விமானம் நகராது. கடைசியாக, உரிமம் பெற்ற பொறியாளர் விடுவிப்புச் சான்றில் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் எந்த கேப்டனும் விமானத்தை எடுக்க முடியாது.

எல்லாக் கோளாறும் உயிருக்கு ஆபத்தானதல்ல. படிக்கும் விளக்கு எரியவில்லை என்றால் விமானம் போகலாம்; எதை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதற்கும் அங்கீகரித்த பட்டியல் இருக்கிறது. தொல்லை எங்கே வருகிறது என்றால், 180 பேர் கீழே காத்திருக்க, அடுத்த ஊரில் இன்னொரு 180 பேர் அதே விமானத்துக்குக் காத்திருக்க, மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அழைக்க, அந்தப் பொறியாளர் ‘இல்லை, விட மாட்டேன்’ என்று சொல்லும் நேரத்தில்தான். அவர் அப்படிச் சொல்வதால் வேலைக்கோ பதவி உயர்வுக்கோ பங்கம் வரக் கூடாது. பறப்புப் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது என்று நான் நம்புகிறேன். ஆகவே, தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம் என்று அறிவித்தால், கவுன்டரில் இருக்கும் பெண்ணைத் திட்டாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், சாப்பாட்டுக் கூப்பனைக் கேளுங்கள், அதெல்லாம் உங்கள் உரிமை. ‘எப்படியாவது கிளப்புங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தப் பொறியாளருக்குத் துணை நிற்க வேண்டியது கண்காணிப்பு அமைப்பு. 2019 நவம்பரில், பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் வானில் அடுத்தடுத்து நின்றபோது, இண்டிகோவின் 97 விமானங்களில் திருத்தப்பட்ட எஞ்சின்களை 2020 ஜனவரி 31-க்குள் பொருத்து, இல்லாவிட்டால் நிறுத்து என்று டி.ஜி.சி.ஏ. கண்டிப்பாகச் சொன்னது. நல்ல ஆணை. ஆனால் கெடு மே மாதத்துக்கும், பிறகு ஆகஸ்டுக்கும் தள்ளிப்போனது. எஞ்சின் கிடைக்காதது, பிறகு கொரோனா என்று காரணங்கள் இருந்தன. கெடுவைத் தள்ளும் ஒவ்வொரு முறையும், இடைப்பட்ட காலத்தில் பயணிகளுக்கு என்ன பாதுகாப்பு என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள டி.ஜி.சி.ஏ.-வில் ஆட்கள் இருக்கிறார்களா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு கணக்கைச் சொன்னது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063. நிரம்பியிருந்தவை 553. ஏறக்குறைய பாதி நாற்காலி காலி. இண்டிகோவும் ஏர் இந்தியாவும் நூற்றுக்கணக்கில் புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும் காலத்தில் இந்த நிலை. அந்த விமானங்கள் வந்து இறங்குவதற்குள் இந்த இடங்கள் நிரம்ப வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை ஏதாவது விழாவிலோ அலுவலகத்திலோ பார்த்தால், அந்த 1,063-இல் இன்று எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள்.