அலமாரியில் கிடக்கும் கேமராவை வெப்கேமாக்கலாம்

(அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்கென்று டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் கேமரா இல்லை. இருக்கிற ஒரே செல்போனையும் அத்தா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆன்லைனில் ஓதும் பிள்ளை குரலை மட்டும் அனுப்பி ஓதுகிறது. 'ஸா', 'ளா' போன்ற எழுத்துக்களில் நுனி நாக்கு மேல் முன்பற்களின் நுனியைத் தொடுகிறதா என்பதை ஆலிமா கண்ணால் பார்த்தால்தானே திருத்த முடியும்? கல்லூரி, வேலை நேர்காணல்களுக்கும் முகம் தெரிய வேண்டும்.

அதே வீட்டு அலமாரியில், சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த டிஜிட்டல் கேமரா ஒன்று உறையோடு கிடக்கும். அதை வெப்கேமாகப் பயன்படுத்தலாமா என்றால், கேமராவைப் பொறுத்தது.

லென்ஸ் கழற்றி மாட்டும் பெரிய கேமராவாக இருந்தால் வாய்ப்பு அதிகம். கொரோனா காலத்தில், 2020-இல், கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் நிறுவனங்கள் இதற்கென்றே மென்பொருள் வெளியிட்டன. அடிப்படைப் பயன்பாட்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். வேறெங்கும் இறக்காதீர்கள், வைரஸ் வந்து சேரும். மென்பொருளை நிறுவி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, கேமராவை யு.எஸ்.பி. வயரில் இணைத்து, ஜூம் செட்டிங்கில் அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

சட்டைப்பையில் வைக்கும் சிறிய கேமராக்கள்தான் சிக்கல். வயரில் இணைத்தால் பெரும்பாலானவை பென்டிரைவ் போலப் படங்களை மட்டும் காட்டும். சில பழைய மாடல்களில் 'பிசி கேமரா' என்றொரு மெனு இருக்கும், இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால், கேமராவோடு வந்த மஞ்சள் முனை வயரையோ எச்.டி.எம்.ஐ. வயரையோ முதலில் டிவியில் மாட்டிப் பாருங்கள். லென்ஸ் முன்னால் கையை அசைத்தால் டிவியில் அசைகிறதா? அசைந்தால், அதை கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர 'கேப்சர்' கருவி ஒன்று போதும். வயருக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குங்கள். பேட்டரிப் படம், எண்கள் எல்லாம் டிவியில் தெரிந்தால் வகுப்பிலும் தெரியும்; மெனுவில் அவற்றை மறைக்க முடிகிறதா என்று பாருங்கள். டிவியிலேயே எதுவும் வரவில்லையென்றால் கருவிக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். சாதாரண வெப்கேமே மேல். இதற்காகப் புதிதாகக் கேமரா வாங்குவது வீண் விரயம்தான்.

இரண்டு தொல்லைகள் எல்லோருக்கும் வரும். சில நிமிடங்களில் கேமரா தானாக அணையும். 'ஆட்டோ பவர் ஆஃப்' அமைப்பை நிறுத்திவிடுங்கள். பேட்டரியும் நீண்ட வகுப்புக்குத் தாங்காது. பேட்டரி வடிவிலேயே கரண்டில் இயங்கும் அடாப்டர் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. குரலுக்கு இதை நம்பாதீர்கள், மைக் உள்ள ஹெட்செட் தனியாக வேண்டும். ஜன்னல் பிள்ளையின் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

வீட்டுப் பெண்கள் நடமாடும் இடத்தை நோக்கிக் கேமராவை வைக்காதீர்கள். பின்னால் சுவர் இருக்கும்படி உட்கார வையுங்கள். வகுப்பு முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடலாம். செல்போனில் இல்லாத வசதி இது. மெமரி கார்டையும் கவனியுங்கள். நிக்காஹ், குடும்பப் படங்கள் அதில் இருக்கும். அழித்த படங்களைக்கூடச் சில மென்பொருள்களால் மீட்டெடுக்க முடியும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் உங்கள் கேமராக்களை இணைத்துப் பார்ப்போம். சார்ஜரையும் வயர்களையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். கார்டை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். வஸ்ஸலாம்.