காசில் யார் உருவம்?



சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு தெனாரியத்தைக் காட்டச் சொல்லி, அதில் யாருடைய உருவம் என்று கேட்கிறார். சீசரின் உருவம் பொறித்த காசு சீசருக்குப் போகட்டும். கடவுளின் உருவம் பொறித்தது எது? தொடக்கநூலின் முதல் அதிகாரமே விடை சொல்கிறது: மனிதர்.

நம் மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு, தேயிலைத் தோட்டமானது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே கொழுந்து பறித்தார்கள். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனார்கள். தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒரு குழந்தையும் உண்டு. 2024இல், குத்தகை முடியும் முன்பே, விருப்ப ஓய்வு என்று சொல்லித் தோட்ட வேலையும் நிறுத்தப்பட்டது.

காட்டைக் காக்க வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் பட்டா இல்லாதவருக்கு உரிமையே இல்லையா?

இங்கிலாந்தின் இரண்டு அறிஞர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். உள்நாட்டுப் போரைக் கண்ட ஹாப்ஸ் 1651இல் எழுதினார்: மக்கள் அமைதிக்காகத் தங்கள் உரிமைகளை ஆள்பவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள், எது யாருக்குச் சொந்தம் என்பதை அவரே முடிவு செய்வார். லாக் மறுத்தார்: உயிரும் சுதந்திரமும் உடைமையும் அரசுக்கு முந்தியவை, அவற்றைக் காக்கவே அரசு. லாக் சொல்வது நமக்கு இனிக்கிறது. ஆனால் உழைப்பே உடைமையைத் தரும் என்ற அதே லாக், வேலையாள் வெட்டிய புல் எசமானுக்கே சொந்தம் என்கிறார். அப்படியானால் கூலிக்குக் கொழுந்து பறித்தவருக்கு அவரிடமும் இடமில்லை.

திருச்சபை வேறிடத்தில் தொடங்குகிறது. 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'பாச்செம் இன் தெர்ரிஸ்' என்ற சுற்றுமடலில், உயிர், உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கான உரிமை, மனிதர் என்பதாலேயே வருகிறது என்றார். அதை மதிக்காத அரசின் ஆணை கட்டுப்படுத்தாது என்றும் சொன்னார். பட்டாவும் உழைப்பும் பிறகுதான். முதலில் அந்த உருவம்.

சீசரைக் கேட்குமுன் நம்மையும் கேட்போம். மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதானே முதலில் விசாரிக்கிறோம்? அந்த ஒரு கேள்வியில், கடவுளுக்கு உரியதை நாமே மறுத்துவிடுகிறோம். இந்த வாரம் அப்படி ஒரு குடும்பம் நம் வாசலுக்கு வந்தால், அந்த முகத்தில் யாருடைய உருவம் என்று பார்ப்போம். அதற்கான அருளை ஆண்டவரிடம் மன்றாடுவோம். ஆமென்.